சுத்தம் போதாத வீடு

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று வெளியே ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தால்தான், ஊரில் இத்தனை வைத்தியர்கள் இருப்பது தெரியவரும். குட்டிக்குக் கரப்பானும் இழுப்பும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் அம்மா இந்த உண்மையைத் தினமும் அனுபவித்துக்கொண்டிருந்தாள். மாடிவீட்டுக்காரி பாலை நிறுத்தச் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒருத்தி, பாலைத் தவிர வேறெதையும் கண்ணில் காட்டாதே என்றாள். காய்கறிக் கடைக்காரர் வியாபாரத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்து, குட்டியின் முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உள் சூடும்மா, வேற ஒண்ணுமில்ல" என்று தீர்ப்பு சொன்னார். அவள் கேட்டது அரைக் கிலோ கேரட்.

குட்டிக்கு நான்கு வயது. முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம், கழுத்து என்று தோல் மடிகிற இடமெல்லாம் சிவந்து, தடித்து, வெடித்திருந்தது. நகத்தை ஒட்ட வெட்டினாலும் மணிக்கட்டால் தேய்த்துக்கொள்வாள். கையைப் பிடித்தால் காலால் காலைத் தேய்ப்பாள். விடிந்தால் விரிப்பில் பொட்டுப் பொட்டாக ரத்தம். தோல் கொஞ்சம் அடங்கினால் நெஞ்சு ஆரம்பித்துவிடும். பிஞ்சு விலா எலும்புகள் உள்ளே போய் வருவதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் நிம்மதியாக இருப்பாள்? அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். குழந்தை சொறியாமல், இழுக்காமல், ஒரு ராத்திரி முழுக்கத் தூங்க வேண்டும். அதுவும் தன் கையால் பார்த்துக்கொண்ட பலனாகத் தூங்க வேண்டும். இந்த இரண்டாவது ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கணவனிடம் சொல்லலாம் என்றால், அவன் லிஃப்ட் மாட்டுகிறவன். எந்த ஊரில் புதுக் கட்டடம் எழும்புகிறதோ அங்கே மாதக்கணக்கில் போய்விடுவான். போனில் அவனுக்குத் தெரிந்தது ஒரே வசனம்.

"எல்லாம் சரியாயிடும்."

"எப்படிங்க ஆகும்? தானாவா?"

"நீதான் பாத்துக்கிறியே. அப்புறம் என்ன?"

இதற்கு மேல் அவனிடம் பேசினால் தனக்கும் இழுப்பு வந்துவிடும் என்று போனை வைத்துவிடுவாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய தங்கும் விடுதியில். அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. அவளுக்கு அவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில், எந்த விருந்தாளியும் எட்டிப் பார்க்க வாய்ப்பில்லாத இடத்தில், விரலை வைத்து இழுத்துப் பார்ப்பாள். கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். குளியலறைக்குள் நுழையும்போது மூக்கில் பிளீச் வாடை சுருக்கென்று ஏறவில்லை என்றால், துடைத்த பெண்ணைக் கூப்பிட்டு முதலிலிருந்து துடைக்கச் சொல்வாள். வாடை வந்தால் சுத்தம், வராவிட்டால் ஏமாற்று. அது அவள் தொழிலில் ஊறிப்போன கணக்கு.

போயும் போயும் இவளிடம்தான் குழந்தைகள் டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னார். அந்த அம்மா நல்ல டாக்டர்தான், ஆனால் வாசலில் எப்போதும் கூட்டம். தடவக் களிம்பும், தினமும் காலை மாலை இழுக்க ஒரு பஃப்பும், மூச்சுத் திணறினால் அடிக்க இன்னொரு பஃப்பும் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த குழந்தையைக் கூப்பிட மணியில் கை வைத்தபடியே சொன்னார்:

"தூசி ஆகாதும்மா இவளுக்கு. வீட்டைச் சுத்தமா வச்சுக்கோங்க."

நாலு பேரிடம் சொல்கிற சாதாரணப் பேச்சு. வேறொருத்தி என்றால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள். இவளுக்கோ சுருக்கென்று தைத்தது. என் வீடா சுத்தமில்லை? அன்று சாயங்காலமே வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். திரைச்சீலை போயிற்று, தரைவிரிப்பு போயிற்று. பஞ்சு பொம்மைகளைக் கொதிநீரில் போட்டதில் யானைக்கு ஒரு காது கழன்றது. விடுதிக்குச் சரக்குப் போடுகிறவனிடமே ஒரு கேன் பிளீச் வாங்கி வந்து காலையும் மாலையும் தரையைத் துடைத்தாள். சந்து பொந்துக்கெல்லாம் ஸ்ப்ரே. வெளியிலிருந்து தூசி வரும் என்று ஜன்னல்களை இறுக்கிச் சாத்தினாள். குளிக்கிற தண்ணீரைச் சூடு பொறுக்கிற மட்டும் சுட வைத்து, அதில் ஒரு மூடி கிருமி மருந்து. சோப்பு இரண்டு தடவை. விரிப்புகளைத் தினமும் துவைத்து, அவற்றையும் கிருமி மருந்தில் முக்கி எடுத்தாள்.

களிம்பையும் போடாமல் விடவில்லை. ஆனால் பிசுபிசுவென்று அது தோலில் நிற்பதைப் பார்த்தால் அவளுக்கு உடம்பு கூசும். தூசி ஒட்டாதா? விரிப்பில் எண்ணெய்க் கறை ஏறாதா? அதனால் தடவிக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, துண்டால் சுத்தமாகத் துடைத்துவிடுவாள். இறங்க வேண்டியது உள்ளே இறங்கியிருக்கும், மேலே நிற்பது அழுக்குத்தானே என்பது அவள் வாதம்.

குட்டிக்கு முன்னைவிட மோசமானது. அவள் இன்னும் கொஞ்சம் பிளீச் ஊற்றினாள்.

மறுபடி காட்டப் போனபோது டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"களிம்பு போடுறீங்களா?"

"தவறாம போடுறேன் டாக்டர்."

"பஃப்?"

"காலையும் சாயங்காலமும்."

"வீடு?"

"எங்க வீட்டுத் தரையில தட்டே இல்லாம சாப்பிடலாம் டாக்டர்."

"ரொம்ப நல்லது" என்று சொல்லி, மருந்தை ஒரு படி ஏற்றி எழுதினார் டாக்டர். எதைப் போட்டுத் துடைக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை இவள் சொல்லவுமில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு கிழவர் குட்டியின் கழுத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ட நல்லா சுத்தமா வச்சுக்கணும்மா" என்று ஆரம்பித்தார். இறங்க வேண்டிய நிறுத்தம் இன்னும் தொலைவில் இருந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே இறங்கி நடந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து விடுதியில் ஒரு பெரிய மாநாடு வந்தது. எல்லா அறையும் நிரம்பிவிட்டது. விடியும் முன் வந்து, விளக்கு வைத்த பிறகும் இருக்க வேண்டும். "நீங்க இல்லாம நடக்காது" என்று மேலாளர் சொன்னதில் பாதி புகழ்ச்சி, பாதி மிரட்டல். வழக்கமாகக் குட்டியைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு அம்மாள், ஒருநாள் குழந்தைக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்து அரண்டு போனவள். ஒரு வாரமெல்லாம் முடியவே முடியாது என்று கைவிரித்துவிட்டாள். மிச்சம் இருந்தது அக்கா வீடு ஒன்றுதான்.

அக்கா வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே அவளுக்கு நல்லது. சொன்னால்தான் கதை புரியும் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்கா செடி வளர்த்து விற்கிறவள். வாசலில் தொட்டி, கூடத்தில் தொட்டி, குளியலறையில் வேர் விடப் போட்ட குச்சிகள். தரையில் எப்போதும் ஈரமண். நேற்றைய பாத்திரம் இன்றைக்கும், இன்றையது நாளைக்கும் காத்திருக்கும். அங்கே உட்கார வேண்டுமென்றால் எதையாவது தூக்கி எதன் மேலாவது வைக்க வேண்டும். ஜன்னல்கள் சாத்துவதற்கென்றே செய்யப்படாதவை போல நாள் முழுக்கத் திறந்து கிடக்கும். அக்காவோ இதையெல்லாம் ஒரு குறையாகவே நினைத்தது கிடையாது. இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஒரு பெட்டி நிறையச் சாமான்களுடன் குட்டியைக் கொண்டு போய் விட்டாள். பாலிதீன் உறையில் மடித்த விரிப்புகள், களிம்பு, இரண்டு பஃப், அதை வைத்து இழுக்கிற குழாயும் முகமூடியும், கிருமி மருந்து, ஒரு பாட்டில் பிளீச்.

"காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ தரையத் துடைச்சிடு. தண்ணி சுடச்சுட இருக்கணும். அதுல இந்த மருந்து ஒரு மூடி. ஜன்னலத் திறக்காதே. மண்ணுல விடாதே. கேக்குதாக்கா?"

"கேக்குதுடி. போ, பஸ் போயிடப் போகுது."

"பஃப்ப மட்டும் மறந்துடாதே."

"புள்ளைக்கு மூச்சு விடுற மருந்த மறப்பேனா? போடி."

அந்த வாரம் முழுக்க அவள் ஒரு கையில் அறைச் சாவிக்கொத்தும் ஒரு கையில் போனுமாக அலைந்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கிற நேரத்தில் அக்காவைக் கூப்பிடுவாள்.

"மூச்சு எப்படி இருக்கு?"

"விடுறா."

"இழுக்குதா?"

"இல்ல."

"சொறியுறாளா?"

"இல்லடி."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பூனை பாக்குற மாதிரி பாத்துட்டுத்தான் சொல்றேன். வைக்கிறேன், ஆள் வந்திருக்கு செடி வாங்க."

அவள் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. கூடத்துச் சுவரில் காளான் முளைத்தபோது, தானாக வந்ததுதானே என்று தண்ணீர் தெளித்து வளர்த்தவள் அக்கா. அவள் கண்ணுக்குக் குழந்தையின் கழுத்தா தெரியப்போகிறது?

மாநாடு முடிந்த அன்று, கடைசி அறையையும் பார்த்து ஒப்படைத்துவிட்டு, உடுப்பு மாற்றக்கூட நிற்காமல் விடுதிச் சீருடையோடு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். இன்னும் வெயில் சாயவில்லை. முற்றத்தில் குட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்னத் தொட்டிகளில் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சேறு. மூக்கு நுனியிலும் சேறு. வாயில் ஏதோ பாட்டு.

சத்தம் போட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். குட்டி குனிந்திருந்ததில் பின்கழுத்து தெரிந்தது. அங்கே சிவப்பு இல்லை. வெடிப்பு இல்லை. வெளுத்த ரோஜா நிறத்தில், ஆறி வருகிற தோல். முழங்காலுக்குப் பின்னாலும் அதேதான். பாடுகிறாள், நடுவில் மூச்சு வாங்கவில்லை.

அவளுக்குச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். பொங்கத்தான் செய்தது. அதே நேரம் மூக்குக்கு மேல் கோபமும் வந்தது. எத்தனை மாதம் தலைகீழாக நின்றேன், இந்தக் குப்பையில், இந்த அலங்கோலத்தில் வந்தா இவளுக்குக் குணமாக வேண்டும்? யார்மேல் கோபம் என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது. கிடைத்தவள் அக்கா.

"யார்கிட்டக் கூட்டிட்டுப் போனே?"

செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா திரும்பினாள். "வந்துட்டியா? யார்கிட்டயும் போகலையே."

"என்ன மருந்து குடுத்தே? மறைக்காமச் சொல்லு."

"நீ குடுத்துட்டுப் போனதுதான். பஃப்ப அடிச்சேன். களிம்ப அப்பினேன். ஆமா, டப்பா காலி. வேற வாங்கு."

"காலியா? அது ரெண்டு மாசம் வருமே!"

"எப்படி வரும்? புள்ளைக்கு உடம்பு பூராத் தடவணும்ல?"

"தடவிட்டுத் துடைச்சியா?"

"துடைக்கிறதுக்கு எதுக்குடி தடவணும்?"

அவள் பேச்சை மாற்றினாள். "குளிப்பாட்டினியா இல்லையா?"

"மொத நாள் நீ சொன்ன மாதிரியே கொதிக்கக் கொதிக்க ஊத்தினேன். எரியுது பெரியம்மான்னு கத்துச்சு புள்ள. எனக்கு மனசு கேக்கல. அப்புறம் வெதுவெதுன்னு சும்மாத் தண்ணியிலதான். ஒத்தி எடுத்துட்டு ஈரத்தோடயே களிம்பு."

"கிருமி மருந்து?"

"அது உன் பெட்டியிலயே இருக்கு."

"பிளீச்சு?"

"அதுவும்தான். மூடியத் திறந்தேன், நெஞ்சை அடைச்சிடுச்சு. அத எல்லாம் ஊத்தினா என் செடி பொழைக்குமா?" என்றாள் அக்கா, வெகு சாதாரணமாக.

செடிக்கு ஆகாது என்று ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது. குழந்தைக்கு ஆகுமா என்று இவளுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்கிற பிறவியா அவள்?

"இங்க காத்து வேற. அதான்."

"ரெண்டு ஸ்டாப்பு தள்ளி வேற வானமாடி இருக்கு?"

"புது மருந்து இப்பதான் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கும்."

"இருக்கும். நல்லதுதானே? அதுக்கு ஏன் என்னை முறைக்கிறே?"

இந்தக் கூச்சலில்தான் குட்டி நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா!" என்று தொட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, சேற்றுக் கையோடு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, சீருடையில் முகத்தைப் புதைத்தாள். ஒரு வாரம் பார்க்காத குழந்தை. அவளும் குனிந்து அள்ளிக்கொண்டாள்.

குட்டி இருமினாள். ஒன்று, இரண்டு என்று தொடங்கி, பிறகு விடாமல் இருமினாள்.

"பாத்தியா? பாத்தியா!" என்றாள் அம்மா. அவள் குரலில் இருந்தது வெற்றி. அதை வேறு பெயர் சொல்லி மறைக்க முடியாது. "மண்ணுல விடாதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?"

அக்கா குழந்தையை வாங்கி முற்றத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய், அதே மண்ணில் இறக்கி, முதுகைத் தடவினாள். இருமல் தணிந்தது. தணிந்ததும் குட்டி மறுபடி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மறுபடி இருமல். இந்தத் தடவை அதன் அடியில் அந்த மெல்லிய சீட்டிச் சத்தமும் கேட்டது. அக்கா மறுபடி வாங்கிக்கொண்டு போனாள். ஒரு பஃப் அடித்தாள். சத்தம் அடங்கியது.

மூன்றாவது தடவை குட்டி ஓடி வர எழுந்தபோது அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"வராதே. அங்கயே நில்லு."

குழந்தை நின்றது. கீழுதடு பிதுங்கியது. "நான் ஒண்ணும் பண்ணலம்மா."

"நீ ஒண்ணும் பண்ணலடா. நில்லு, தங்கம். அங்கயே நில்லு."

சீருடைக் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை. இன்னொரு கையை முகர்ந்தாள். தலைமுடியை இழுத்து முகர்ந்தாள். ஊரில் எல்லார் குளியலறையையும் மோப்பம் பிடிக்கிற மூக்கு, தன் உடம்பில் ஏதும் இல்லை என்றது.

"அக்கா, என் மேல ஏதாச்சும் வாடை அடிக்குதா?"

எதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிற அக்கா, குழாயை மூடிவிட்டு அவளைப் பார்த்தாள். "நெஜமாவே உனக்குத் தெரியலையாடி?"

அவள் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டு டாக்டருக்குப் போன் போட்டாள். நல்லவேளை, அவரே எடுத்தார். எடுத்ததும் ஒப்பிக்கத் தொடங்கிவிட்டாள். பிளீச், ஸ்ப்ரே, சாத்திய ஜன்னல், கொதிநீர், துண்டு, எதையும் விடவில்லை.

"குழந்தை குளிக்கிற தண்ணியிலயுமா?" என்றார் டாக்டர்.

"ஒரு மூடி டாக்டர்."

"அய்யோ. அந்த நெடி மூச்சுக்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாதும்மா. ஈரத்துணியால தூசியத் துடைச்சாப் போதும். நான் கேட்டிருக்கணும். என்ன போட்டுத் துடைக்கிறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

ஒரு சண்டை போடலாம் என்று அவள் ஆசையாகத்தான் இருந்தாள். ஏன் கேட்கவில்லை என்று கத்துவதற்கு வாய்நிறைய வைத்திருந்தாள். அந்த அம்மா தானே ஒப்புக்கொண்டதில் அதுவும் வீணாய்ப் போனது. இனி யாரைத் திட்டுவது? கணவனைக் கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பான். இந்தத் தடவை அது பலித்தும் விடும் போலிருந்ததை நினைக்க இன்னும் எரிச்சலாக இருந்தது. பஃப்பை நிறுத்திவிடக் கூடாது, களிம்பை நன்றாக அப்பித் துடைக்காமல் விட வேண்டும், நாலு நாளில் கொண்டு வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னதையெல்லாம், சரி சரி என்று பள்ளிப்பிள்ளை போலக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அக்காவின் குளியலறைக்குப் போனாள். குழாயடியில் பாசி. வாளிக்குள் வேர்விடும் குச்சிகள். கண்ணாடியில் என்றைக்கோ தெறித்த சோப்பு. ஒரு பிரஷ் கிடைத்தால் அரைமணியில் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று கை பரபரத்தது. அந்தக் கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டாள். தலையோடு ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள். பாலிதீன் பையில் சீருடையை அடைத்துக் கட்டிப் போட்டாள். அக்கா கதவிடுக்கில் நீட்டிய பழைய நைட்டியில் மண்கறையும் இலைச்சாறும் இருந்தன. வேறொரு நாளென்றால் தொட்டிருக்கவே மாட்டாள்.

வெளியே வந்து, கூடத்தில் எதையோ தூக்கி எதன் மேலோ வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "வாடா" என்றாள்.

குட்டி உடனே வரவில்லை. தடுத்த கை இன்னும் நினைவிலிருந்தது. ஒவ்வொரு அடியாக வந்து, மடியில் ஏறி, மார்பில் முகத்தை வைத்தாள். இருமவில்லை. சற்று நேரம் முகர்ந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி அம்மாவின் முகத்தைப் பார்த்து, சரியான ஆள்தானா என்று உறுதி செய்துகொண்டாள்.

"பெரியம்மா மாதிரி இருக்கே."

"இருந்துட்டுப் போறேன்."

"அம்மா வாசம் எங்க?"

"போயிடுச்சு."

"எப்ப வரும்?"

"இனிமே வராதுடா."

குட்டிக்குத் தாங்கவில்லை. "எனக்கு அம்மா வாசம்தான் வேணும்" என்று வீறிட்டு அழத் தொடங்கினாள். காலை உதைத்தாள். அக்கா கையில் பிஸ்கட்டோடு ஓடி வந்தாள், சமாதானம் செய்ய. அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

இத்தனை காலம் குட்டியை எதற்கும் ஏங்கி அழவிட்டதே இல்லை. அழுதால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும் என்று, கேட்டதைக் கேட்பதற்குள் கொடுத்துவிடுவாள். இப்போது குழந்தை உடம்பெல்லாம் குலுங்க அழுதது. அவள் அந்தச் சின்ன முதுகில் காதை வைத்துக் கேட்டாள். ஒவ்வொரு விக்கலுக்கும் நடுவில் மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. சீட்டி இல்லை, கரகரப்பு இல்லை. தன்னைத்தான் வேண்டும் என்று கேட்டு அழுகிறாள் என்பது தெரிந்தும், அவள் காதை எடுக்காமல், அழட்டும் என்று விட்டுவிட்டாள்.